நாய், பூனை வளர்க்கும் வீட்டுக்கு எந்தத் தரை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் புது வீட்டுக்குப் புதுமனை புகுவிழா நடந்த விடியற்காலையில் பசுவையும் கன்றையும் கூட்டி வந்தார்கள். வெள்ளை வெளேரென்று பளபளக்கும் டைல்ஸ். வாசற்படியைத் தாண்டி முன்னங்காலை வைத்த பசு அப்படியே நின்றுவிட்டது. "தரை வழுக்குதுங்க. சாக்கு இருந்தாக் கொண்டாங்க, காலை அகட்டி உழுந்துருச்சுன்னா மாடு எந்திரிக்காதுங்க" என்றார் ஓட்டி வந்தவர். அவசர அவசரமாகக் கோணிச் சாக்குகளைத் தேடி எடுத்து, வாசலிலிருந்து பூஜை அறை வரைக்கும் விரித்தோம். மாடு நிதானமாக வந்து போனது. சாக்குகளைச் சுருட்டி எடுத்து வைத்துவிட்டோம்.

அடுத்த வாரம் தோட்டத்து வீடான சாளையிலிருந்து செம்பியைக் கூட்டி வந்தோம். ஏழு வயது நாட்டு நாய். மண்ணிலும், சிமெண்டில் காவிப்பொடி கலந்து போட்ட பழைய காவித் தரையிலும் ஓடி வளர்ந்தவள். கூப்பிட்டதும் ஹாலுக்குள் ஓடி வந்தவளுக்குப் பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டன. வயிறு தரையில் பட எழுந்திருக்கப் பார்த்தாள், நகங்கள் கிறீச்சிட்டன. அன்றைக்குப் பிறகு சுவரை ஒட்டியே நடந்தாள். நடு ஹாலுக்கு வரவே மாட்டாள். ஒரு மணி நேரம் வந்து போன பசுவுக்குச் சாக்கு விரித்த எங்களுக்கு, காலமெல்லாம் இருக்கப் போகிறவளுக்கு என்ன விரிப்பது என்று தோன்றவில்லை.

அந்தத் தரையைச் சரிசெய்ய அலைந்ததில் கற்றுக்கொண்டவையே இங்கே இருப்பவை. கேள்விகள் ஒறம்பரைகளும் (உறவினர்களும்) அக்கம்பக்கத்தாரும் கேட்டவை.

நாய் நகம் பட்டால் கீறல் விழாத தரை எதுங்க?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான், ஆனால் கவலை வேறிடத்தில் இருக்க வேண்டும். கற்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் நகம் சுமார் இரண்டரை. மார்பிள் 3. விட்ரிஃபைடு டைல்ஸும் கிரானைட்டும் 6 முதல் 7 வரை. ஆகவே நாய் நகம் டைல்ஸைக் கீறாது, கிரானைட்டைக் கீறவே கீறாது.

கீறுவது மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. நாயின் பாதத்திலும் நம் செருப்பிலும் ஒட்டி வரும் மணல்தான் பளபளப்பைத் தேய்க்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் காற்று அடிக்கும்போது பொள்ளாச்சி, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் சன்னலைச் சாத்தி வைத்தாலும் மண் உள்ளே வந்துவிடும். அந்த நாட்களில் காலையும் மாலையும் கூட்டுங்கள். துடைக்கும் முன்பு கூட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் ஈரத்துணியே உப்புத்தாளாகிவிடும். வாசலில் நாய் நாலு கால்களையும் வைத்து நடக்கிற நீளத்துக்குத் தென்னை நார் மிதியடி போடுங்கள். பொள்ளாச்சியில் கிடைக்காத அளவா?

நகம் நிஜமாகவே கெடுப்பது மரத்தரை, லேமினேட், மலிவான வினைல் ஷீட், பாலிஷ் போட்ட காவித் தரை ஆகியவற்றைத்தான்.

அப்படியென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

இரண்டைப் பாருங்கள். ஒன்று, பாதத்துக்குப் பிடிமானம். இன்னொன்று, டைல்ஸுக்கு இடையில் இருக்கும் ஜாயிண்ட். நல்ல டைல்ஸ் முப்பது வருடம் கிடக்கும், அதை நாய் ஒன்றும் செய்துவிடாது. தரைதான் நாயைக் கெடுக்கும், ஜாயிண்ட்தான் வீட்டை நாற வைக்கும். விலையும் நிறமும் டிசைனும் இந்த இரண்டுக்கும் அப்புறம்.

கடையில் நிற்கும்போது வழுக்குமா வழுக்காதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு போங்கள். பிடித்த டைல்ஸைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்க்காமல் தரையில் போடச் சொல்லி, தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். நம் குதிகால் சறுக்கினால் நாயின் பின்னங்காலும் சறுக்கும்.

அட்டைப்பெட்டியிலோ விவரத்தாளிலோ ஆர்-9, ஆர்-10, ஆர்-11 என்று இருக்கும். சாய்வுப் பலகையில் எண்ணெய் ஊற்றி ஆளை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வு வரை நிற்க முடிகிறது என்று பார்த்துக் கொடுக்கும் எண் அது. ஆர்-9 என்றால் 6 முதல் 10 டிகிரி. ஆர்-10 என்றால் 10 முதல் 19. ஆர்-11 என்றால் 19 முதல் 27. ஆர்-9 என்று போட்டிருப்பதைப் பார்த்து "ஆன்டி ஸ்கிட்தானுங்க" என்று சொன்னால் நம்ப வேண்டாம், அது கீழ்ப்படி. ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் ஆர்-10, நாயைக் குளிப்பாட்டும் இடம், போர்டிகோ, பொடக்காலிக்கு (புழக்கடைக்கு) ஆர்-11 என்பது என் கணக்கு. ஆனால் அந்தச் சோதனை செருப்புக் காலோடு மனிதர்களை வைத்துச் செய்வது. அதனால் எண்ணைப் பார்த்த பிறகும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதை விடாதீர்கள்.

பெயர்களைப் பொறுத்தவரை பளபளக்கும் கிளாஸி, ஹை கிளாஸ் வேண்டாம். பளபளப்பில்லாத மேட் அல்லது சாட்டின் மேட் எடுங்கள். வீட்டுக்குள் ரொம்பச் சொரசொரப்பான ரஸ்டிக், பஞ்ச் வகைகளும் வேண்டாம். பள்ளத்தில் முடியும் அழுக்கும் சேர்ந்து, துடைப்பவருக்குக் கை ஓய்ந்துவிடும்.

விட்ரிஃபைடு, செராமிக், டபுள் சார்ஜ் என்கிறார்களே?

விட்ரிஃபைடு என்பது தன் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே தண்ணீர் குடிக்கும். அதனால் சிறுநீர் அதற்குள் இறங்காது. செராமிக் அதைவிடப் பல மடங்கு குடிக்கும், சுவர் டைல்ஸ் 10 விழுக்காட்டுக்கும் மேலே. மீந்து போன சுவர் டைல்ஸைத் திண்ணையில் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள்.

டபுள் சார்ஜில் மேல் நிறம் 3 முதல் 4 மி.மீ. ஆழத்துக்கு இருக்கும், தேய்ந்தாலும் தெரியாது. ஆனால் பெரும்பாலும் பாலிஷ் பண்ணியேதான் வருகிறது. நாய் வீட்டுக்குக் கிளேஸ்டு (மேலே பூச்சுள்ள) விட்ரிஃபைடில் மேட் ஃபினிஷ்தான் சரியான தேர்வு. மேல்பூச்சுத் தேய்மானத்துக்குப் பி.இ.ஐ. என்று ஓர் எண் உண்டு, 4 அல்லது அதற்கு மேல் கேளுங்கள்.

ஜாயிண்டைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

ஒரு கணக்குப் போடுவோம். 200 சதுர அடி ஹாலில் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் போட்டால் 50 டைல்ஸ். ஜாயிண்டையெல்லாம் நீட்டி வைத்தால் ஏறக்குறைய 200 அடி. ஒன்றுக்கு ஒன்று போட்டால் 400 அடி. இரண்டுக்கு நான்கு போட்டால் 150 அடி. நாய்க்குட்டி ஒண்ணுக்குப் போவது டைல்ஸின் மேல்தான், ஆனால் அது ஓடிச் சேர்வது இந்த 200 அடிக் கோட்டில்.

இங்கேதான் மேஸ்திரியோடு நமக்குப் பேச்சு வார்த்தை வரும். "ஜாயிண்டே தெரியாமப் போட்டுப்போடலாமுங்க, ஒரே கல்லாட்டம் இருக்கும்" என்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போட்டார்கள். டைல்ஸை ஒட்ட ஒட்ட வைத்து, மேலே வெள்ளை சிமெண்டைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றித் துணியால் துடைத்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறே மாதத்தில் செம்பி படுக்கும் மூலையில் கோடுகள் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகின. நான் முழங்கால் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு கோட்டைத் தேய்த்தேன். வெள்ளை சிமெண்டு பொடிப்பொடியாகப் பெயர்ந்து வந்தது. கீழே ஈரம். முகர்ந்து பார்த்தேன். அத்தனை நாளும் தரையைத் துடைத்துத் துடைத்து நான் தேடிய வாசம் அங்கேதான் இருந்தது.

ஆகவே நாய், பூனை இருக்கும் வீட்டில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்பேசர் வைத்துப் போடச் சொல்லுங்கள். அந்த இடைவெளியை அடைக்கும் கலவைக்குக் கிரௌட் என்று பெயர், அதில் எபாக்சி கிரௌட் போடுங்கள். சிமெண்டு கிரௌட்டுக்கு நுண்துளைகள் உண்டு, தண்ணீரை உறிஞ்சும். எபாக்சி பிசின் வகை, கல்லுப் போல இறுகிவிடும், உறிஞ்சாது. விலை கூடத்தான். கைவேலையும் கூடுதல், காய்வதற்குள் டைல்ஸின் மேல் வழிந்ததைத் துடைத்தெடுக்காவிட்டால் மங்கலான படலமாக ஒட்டிக்கொள்ளும். வீடு முழுக்கக் கட்டுப்படியாகாதென்றால் நாய் படுக்கும் அறை, அடுப்படி, தாழ்வாரம், குளியலறை இவற்றுக்காவது போடுங்கள். டைல்ஸில் சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைத்து வாங்கியாவது எபாக்சிக்குக் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஏற்கெனவே போட்ட தரையிலும் செய்யலாம். பழைய கிரௌட்டைச் சிறு மெஷினால் 2, 3 மி.மீ. ஆழம் கீறி எடுத்துவிட்டு, நன்றாகக் காயவிட்டு எபாக்சி நிரப்புவார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். வாசம் போயே போய்விட்டது.

கிரானைட், மார்பிள், கடப்பா, கோட்டா?

கிரானைட் உழைக்கும், அமிலத்துக்கும் அசையாது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லே நமக்குக் கிடைக்கிறது. பாலிஷ் பண்ணியது ஈரத்தில் வழுக்கும். உள்ளே போடுவதென்றால் லேசான சொரசொரப்புள்ள லெதர் ஃபினிஷ், படிக்கட்டுக்கும் போர்டிகோவுக்கும் நன்றாகச் சொரசொரக்கும் ஃபிளேம் ஃபினிஷ் கேளுங்கள். வெளிர் நிறக் கிரானைட் கொஞ்சம் உறிஞ்சிக் கறையாகும், உறிஞ்சலைத் தடுக்கும் சீலர் அடிக்க வேண்டும்.

மார்பிள் வேண்டாம். அது கால்சியம் கார்பனேட், எலுமிச்சைச் சாறு சொட்டினாலே மங்கிவிடும். சிறுநீர் கொஞ்ச நேரம் நின்றாலும் மஞ்சள் தடம் விழும், அதை எடுக்க மறுபடி பாலிஷ் மெஷின்தான் வர வேண்டும்.

ஆந்திரத்துக் கடப்பாவும் ராஜஸ்தானத்துக் கோட்டாவும் சுண்ணாம்புக்கல் இனம். அதே பலவீனம் உண்டு, ஆனால் மார்பிளைவிட இறுக்கமானவை, கறை பட்டாலும் உறுத்தாத நிறம். மெருகு ஏற்றாத கோட்டாவைத் தாழ்வாரத்தில் போட்டால் நாய்க்கு நல்ல பிடிமானம், வெயில் காலத்தில் நல்ல குளிர்ச்சி. ஈரோடு, கரூர் வெயிலில் சித்திரை மாதத்து மத்தியானம் நாய் எங்கே போய்ப் படுக்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும்.

அப்புச்சி (அம்மாவின் அப்பா) கட்டிய தொட்டிக்கட்டு வீடு, நடுவில் முற்றம் வைத்தது. ஆசாரம் (கூடம்) முழுக்கக் காவித் தரை. இடித்துவிட்டு டைல்ஸ் போடலாமா?

அவசரப்படாதீர்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது. சிமெண்டில் காவிப்பொடி கலந்து, கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்த்து, ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைத்து உருவாக்கிய தரை அது. அப்படித் தேய்க்கத் தெரிந்த கைகள் இப்போது குறைந்துவிட்டன. எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு ஆசாரத்தில் செம்பி ஒரு நாளும் வழுக்கி நான் பார்த்ததில்லை. மெஷின் பாலிஷ் மாதிரி கண்ணாடி மட்டம் கிடையாது, கையால் தேய்த்த மெல்லிய ஏற்ற இறக்கம் அதில் உண்டு, அது பாதத்துக்குப் பிடிக்கிறது.

குறைகளும் உண்டு. ஜாயிண்டே இல்லையென்பது பெரிய வசதி, ஆனால் சிமெண்டு என்பதால் உறிஞ்சும். வெடிப்பு விழுந்தால் ஒட்டுப்போட்ட இடம் வேறு நிறமாகத் தெரியும். வெடிப்பை அடைத்து, நன்றாகக் கழுவிக் காயவிட்டு, உள்ளே இறங்கும் வகை சீலர் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். மேலே பளபளப்புப் படலம் கட்டும் வகை வேண்டாம், மெழுகும் வேண்டாம், இரண்டுமே வழுக்கும். ஒட்டுப்போடக் காவி கலக்கும்போது சிமெண்டு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. நிறம் கூட வேண்டுமென்று அள்ளிப் போட்டால் தரை பொடிந்துவிடும்.

டைல்ஸ்தான் வேண்டுமென்று வீட்டில் முடிவானால் காவித் தரையின் மேலேயே பசை வைத்து ஒட்டலாம். தட்டிப் பார்த்துப் பொத்தலாகச் சத்தம் வரும் இடங்களை மட்டும் கொத்தியெடுக்க வேண்டும். தரை ஒன்றரை சென்டிமீட்டர் போல உயரும், கதவின் அடியை இழைக்க வேண்டியிருக்கும்.

ஆத்தங்குடி டைல்ஸ் ஆசையாக இருக்கிறது.

அழகுக்குக் குறைவில்லை. கண்ணாடியின் மேல் கையால் வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் சிமெண்டு டைல்ஸ் அது. சுடாததால் உறிஞ்சும். வீட்டுப் பழக்கம் வந்த பெரிய நாய் என்றால் சீலர் அடித்துப் போடலாம். குட்டி நாயோ, சிறுநீர் அடக்க முடியாத வயதான நாயோ இருந்தால் பூஜை அறையோடு ஆசையை நிறுத்திக்கொள்ளுங்கள்.

மரத்தரை? கடையில் "எஸ்.பி.சி. வாட்டர் புரூஃப்" என்கிறார்கள்.

பலகை வாட்டர் புரூஃப்தான், தரை அப்படியில்லை. எஸ்.பி.சி. என்பது கல்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்து அழுத்திய பலகை. ஊறாது, கரையான் அரிக்காது, பளபளப்பு டைல்ஸைவிடப் பிடிமானமும் அதிகம். ஆனால் பலகைக்குப் பலகை கொக்கி போட்டு மாட்டுவதால் அந்த இடுக்கில் சிறுநீர் இறங்கி அடியில் தேங்கினால், பலகையைக் கழற்றாமல் வாசம் போகாது. சிந்தியதை உடனே துடைக்கும் வீட்டுக்குச் சரிவரும். மேல்படலம் 0.5 மி.மீ. இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், 0.3 நாய்க்குத் தாங்காது. மேற்குச் சன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் விரிந்து தூக்கிக்கொள்ளும், ஓரத்தில் இடைவெளி விட்டுப் போட வேண்டும்.

லேமினேட் வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது மரநாரை அழுத்திய பலகை. ஈரம் இறங்கினால் ஓரம் உப்பும், உப்பியது திரும்பவும் அமுங்காது.

பளபளப்பு டைல்ஸ் போட்டுக் குடி வந்தாயிற்று. இப்போது என்ன செய்ய?

எங்கள் வீட்டுக் கதை இதுதான், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

முதலில் நாயின் பாதத்தைத் தூக்கிப் பாருங்கள். பஞ்சு போன்ற திண்டுகளுக்கு நடுவே முடி வளர்ந்து திண்டை மூடியிருந்தால், அது சாக்ஸ் போட்டுக்கொண்டு டைல்ஸில் நடப்பது போல. வட்ட முனைக் கத்தரியால் திண்டு மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். லாப்ரடார், ஸ்பிட்ஸ் வகைகளுக்கு இது மாதம் ஒருமுறை தேவைப்படும். அடுத்து நகம். நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் கேட்டால் நகம் நீளம். நீண்ட நகம் திண்டைத் தரையில் முழுதாகப் படவிடாது. செம்பிக்கு முடி பிரச்சினை இல்லை, நகம்தான். தோட்டத்து மண்ணில் தானாகத் தேய்ந்துகொண்டிருந்தது, டைல்ஸ் வீட்டுக்கு வந்ததும் வளர்ந்துவிட்டது.

பிறகு வழித்தடம். நாய் வீடெல்லாம் நடப்பதில்லை. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், அங்கிருந்து வாசல், அங்கிருந்து நீங்கள் உட்காரும் நாற்காலி, இவ்வளவுதான். இரண்டு நாள் கவனித்து அந்தத் தடத்தில் மட்டும் விரிப்புப் போடுங்கள். பவானி ஜமுக்காளம் இதற்கென்றே நெய்தது போல இருக்கிறது: கெட்டிப் பருத்தி, நகம் மாட்டும் கண்ணிகள் இல்லை, துவைத்துக் காயப்போட்டால் அடுத்த நாள் தயார். ஆனால் டைல்ஸின் மேல் ஜமுக்காளமே சறுக்கும். அடியில் ரப்பர் வலை விரிப்பு வைக்க வேண்டும், அதை மறந்தால் விரிப்பே ஆபத்து. செம்பிக்கு மூன்று துண்டு ஜமுக்காளம் விரித்த அன்று சாயங்காலம், அவள் முதல் துண்டின் ஓரத்தை முகர்ந்தாள், ஒரு காலை வைத்து எடுத்தாள், மறுபடி வைத்தாள். அப்புறம் நடு ஹாலைக் கடந்து வந்து என் காலடியில் படுத்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு!

தோட்டத்து வீடாக இருந்து பெரிய வயதான நாயும் இருந்தால், மாட்டுக் கட்டுத்தரையில் போடும் ரப்பர் மேட் ஒன்றைத் தாழ்வாரத்தில் போடுங்கள். மூட்டு வலி உள்ள நாய்க்கு மார்கழிக் குளிரில் டைல்ஸ் ரொம்பவும் சில்லிடும். மேட்டின் மேல் பழைய சென்னிமலைப் போர்வை ஒன்று போதும்.

டைல்ஸின் மேல் பூசி வழுக்கலைக் குறைக்கும் ரசாயனங்கள் கிடைக்கின்றன. மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவு அரித்து விடுபவை அவை. ஈரத்தில் நன்றாகவே பிடிக்கிறது, பளபளப்பு கொஞ்சம் மங்கும். உள்ளே இருப்பது கடும் அமிலம், நீங்களே செய்யாமல் ஆளை வைத்து, மீந்த டைல்ஸ் ஒன்றில் முதலில் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

நொண்டுவதோ, எழும்போது முனகுவதோ தெரிந்தால் தரையை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நம் பக்கத்தில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

குட்டி நாய்க்கும் இவ்வளவு பார்க்க வேண்டுமா?

குட்டிக்குத்தான் இன்னும் எச்சாகப் பார்க்க வேண்டும். நார்வேயில் லாப்ரடார் உள்ளிட்ட நான்கு பெரிய இனங்களில் ஏறக்குறைய 500 நாய்களைப் பின்தொடர்ந்து 2012 இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் மூன்று மாதத்தில் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுதலாகவும், அதே வயதில் மெத்தென்ற வெளி நிலத்தில் கட்டில்லாமல் ஓடியவற்றுக்குக் குறைவாகவும் இருந்தது. மண்ணில் ஓட விடுங்கள். வீட்டுக்குள் பந்தெறிந்து விளையாடுவதை ஜமுக்காளத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு. எதையும் ஒட்டக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர்.

மேலே சொன்ன ஜமுக்காளத் தடமே போதும். புதிர் போல மாட்டும் நுரை மேட்டைக் குட்டி நாய் கடித்து விழுங்கிவிடும், அதை வாங்காதீர்கள்.

ஆண் நாய். தரையில் இல்லை, சுவர் மூலையில் காலைத் தூக்குகிறான்.

சுவரின் அடியில் ஓட்டும் நாலு அங்குலப் பட்டையான ஸ்கர்டிங் ஆண் நாய்க்குப் போதாது. அவன் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் மூலையிலும் தூண் அடியிலும் தரை டைல்ஸையே இரண்டரை அடி உயரம் ஏற்றிவிடுங்கள், பெயிண்ட் உரிவது நிற்கும். மரக் கதவு நிலையின் அடிப்பகுதியில் ஓர் அடிக்கு ஸ்டீல் தகடோ கிரானைட் துண்டோ பதிக்கலாம். நிலையின் அடி ஊறி உளுத்த பிறகு மாற்றுவதைவிட எவ்வளவோ சுலபம்.

ஃபினாயில் ஊற்றியும் வாசம் போகவில்லையே?

போகாது. சிறுநீரில், அதிலும் பூனையுடையதில், யூரிக் அமிலப் படிகங்கள் இருக்கின்றன. தண்ணீரில் எளிதில் கரையாதவை. காய்ந்திருக்கும்போது சும்மா இருக்கும், மழைக்காற்று அடித்ததும் மறுபடி நாறும். என்சைம் கலந்த கிளீனர்தான் அதை உடைக்கும். முதலில் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள், வெறும் தண்ணீரில் கழுவுங்கள், பிறகு கிளீனரை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஊற்றியவுடன் துடைத்தால் பலன் இல்லை.

செய்யக் கூடாதவை: சிறுநீரின் மேல் நேராகப் பிளீச்சிங் போடாதீர்கள். அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் என்னும் நச்சுப் புகை வரும், கண்ணும் மூச்சும் எரியும். டைல்ஸ் ஆசிட் சிமெண்டு கிரௌட்டைத் தின்றுவிடும். பூனை இருக்கும் வீட்டில் கறுப்பு ஃபினாயில் கூடவே கூடாது. ஃபீனால் வகைகளைப் பிரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு, தரையில் மிதித்த பாதத்தை அது நாள் முழுக்க நக்கும். பைன் எண்ணெய் கலந்த வெள்ளை ஃபினாயிலும் பூனைக்கு நல்லதில்லை.

இன்னொன்று, போர்வெல் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவுக்கு இது தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும். உப்புத் தண்ணீரில் தினமும் துடைத்தால் டைல்ஸில் வெள்ளைப் படலம் கட்டி, அதிலும் வாசம் பிடிக்கும். கடைசித் துடைப்புக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுங்கள்.

உண்ணிக்கும் தரைக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. நாயுண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் நாயைவிட்டு இறங்கி, தரை வெடிப்பிலும் ஸ்கர்டிங் இடுக்கிலும் சுவர்ப் பிளவிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து போட்டுவிட்டு இடுக்கை அப்படியே விட்டால் சில வாரத்தில் மறுபடி ஏறும். ஸ்கர்டிங்குக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் கோட்டை அடைத்துவிடுங்கள். கார்பெட் வைக்காதீர்கள். சாளையில் சாணி மெழுகிய மண்தரை பாதத்துக்கு மிக நல்லது, அதில் வெடிப்பு விழாமல் அடிக்கடி மெழுக வேண்டியிருப்பது இந்த உண்ணிக்காகவும்தான்.

என்ன நிறம்?

உங்கள் ஊர் மண்ணின் நிறத்துக்கும் நாயின் முடி நிறத்துக்கும் பக்கத்தில். செம்மண் பூமியில் தந்த நிற டைல்ஸ் போட்டால் ஒவ்வொரு பாதத்தடமும் தெரியும். கரிசல் பக்கம் சாம்பல் நிறம் உதவும். கருநிறத்தில் தூசியும் உப்பும் வெள்ளை முடியும் தெரியும். புள்ளிகள் கலந்த நடுத்தர நிறம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும்.

வேலை நடக்கும்போது நாயை என்ன செய்வது?

தோட்டத்துக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். ஈரச் சிமெண்டு பாதத் திண்டைப் புண்ணாக்கும், காலை நக்கினால் வாயும் வேகும். எபாக்சி போட்ட அறைக்குள் முழு ஒரு நாள் விடாதீர்கள். அதற்குள் டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள், அடியில் கலவை நிரம்பாத இடம் வேறு மாதிரிச் சத்தம் கொடுக்கும், கூலி கொடுக்கும் முன்பே காட்டி மாற்றிக்கொள்ளலாம். தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்கி, மீந்த பெட்டியைப் பத்திரப்படுத்துங்கள். அதன் மேலிருக்கும் பேட்ச் எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு டைல்ஸ் உடைந்தால் அதே நிறம் கடையில் இருக்காது.